பொதுக்குளமும் இலவசப் புத்தகமும்

"அக்கா, அம்பேத்கரோட 'சாதி ஒழிப்பு' இங்கிலீஷ்ல முழுசா பிடிஎஃப் இருந்தா அனுப்புங்க. டெலிகிராம்ல ஒண்ணு கெடச்சுது, பாதிப் பக்கம் காணோம்."

எங்கள் மாலை நேரப் படிப்பகத்துக்கு வரும் மாணவி ஒருவர் கேட்டது இது. முதுகலை முதலாம் ஆண்டு. குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அவர் காட்டிய கோப்பைத் திறந்து பார்த்தோம். யாரோ கைப்பேசியில் படம் பிடித்த பக்கங்கள். நடுவில் பல பக்கங்கள் இல்லை. எந்தப் பதிப்பு, யார் வெளியிட்டது என்ற விவரமும் இல்லை. அதை வைத்துக் கட்டுரை எழுதினால் ஆசிரியர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் அந்த நூல் முழுமையாக, சட்டப்படி, ஒரு பைசா செலவில்லாமல் இணையத்தில் இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத் தளத்தில் பேராசிரியர் பிரான்சிஸ் பிரிட்செட் தொகுத்த பதிப்பு உள்ளது. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் அம்பேத்கர் நூல் தொகுதிகள் வரிசையாக உள்ளன. அந்த மாணவிக்கு இது தெரியாது. தெரியாமல் போனதில் அவர் தவறு எதுவும் இல்லை. படிப்பகம் நடத்தும் நாங்கள் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் எங்கே தேடுவது என்று பட்டியல் மட்டும் போட்டால் போதாது. இந்த நூல்கள் நம் கைக்கு இலவசமாக வந்து சேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால்தான் எது நம்முடையது, எது இன்னொருவர் உழைப்பு என்று பிரித்துப் பார்க்க முடியும்.

எட்டணா புத்தகம்

1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. உரையை முன்கூட்டியே படித்துப் பார்த்த அமைப்பாளர்கள் அஞ்சினார்கள். சில பகுதிகளை மாற்றச் சொன்னார்கள். ஒரு கமாவைக்கூட மாற்ற மாட்டேன் என்று அம்பேத்கர் மறுத்தார். மாநாடே நின்றுபோனது. பேச விடாத அந்த உரையைத் தன் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சடித்து வெளியிட்டார். இரண்டு மாதத்தில் அத்தனையும் விற்றுத் தீர்ந்தது என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவரே எழுதுகிறார். குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்துவிட்டது என்றும் அதே இடத்தில் சொல்கிறார். மராத்தி, இந்தி, பஞ்சாபி, மலையாள மொழிபெயர்ப்புகள் அப்போது தயாராகிக்கொண்டுதான் இருந்தன. அம்பேத்கரின் தாய்மொழிக்கு முன்பே தமிழுக்கு அந்நூல் வந்தது. பெரியாரின் 'குடி அரசு' செய்த வேலை அது.

இதில் விலையைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அந்த நூலுக்கு 'ஹரிஜன்' இதழில் மறுப்பு எழுதிய காந்தி, எட்டணா அதிக விலை, இரண்டணாவாகவோ குறைந்தது நாலணாவாகவோ ஆக்கலாம் என்று எழுதினார். கருத்தை ஏற்காதவர் விலை குறையட்டும் என்று சொன்னது வேடிக்கைதான். ஆனால் பேச மேடையும் இல்லாமல், அச்சுக்கூலியும் தானே கட்டிய ஒருவரின் புத்தகம் அது. ஒடுக்கப்பட்டவர்கள் எழுதிய புத்தகத்தின் விலைக்குள் எப்போதும் இப்படி ஒரு கதை ஒளிந்திருக்கிறது. விலை கூடினால் நம் மக்களால் வாங்க முடியாது. விலை குறைந்தால் அச்சடித்தவர் கடனாளி ஆவார்.

ஒரு பைசாவுக்கு ஒரு பத்திரிகை

இந்தச் சிக்கலை அம்பேத்கருக்கு முன்பே சந்தித்தவர் அயோத்திதாசப் பண்டிதர். 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். விலையே பெயராக இருந்த பத்திரிகை அது. ஓராண்டுக்குப் பின் 'தமிழன்' ஆனது. 1914 மே மாதம் அவர் மறையும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். அவருக்கும் முன்னால் 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியிருந்தார். எந்தச் சொல்லால் இழிவுபடுத்தினார்களோ அந்தச் சொல்லையே பத்திரிகையின் தலைப்பாக்கி, ஏழு ஆண்டுகள் நடத்தினார். இன்னும் பின்னால் போனால் 1869இல் 'சூரியோதயம்' இருக்கிறது. ஆய்வாளர் ஜெ. பாலசுப்பிரமணியம் 1869 முதல் 1943 வரை வந்த தலித் இதழ்களைத் தேடித் தொகுத்து ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

அந்த இதழ்களில் பெரும்பாலானவை இன்று பெயராக மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. 'பறையன்' இதழின் முழு வரிசை நம் கையில் இல்லை. ஓலைக் கூரையும் மண் சுவரும் உள்ள வீடுகளில் காகிதம் எத்தனை மழையைத் தாங்கும்? நம் பெரியவர்கள் எழுதவே இல்லை என்று சொல்பவர்களுக்கு இதுதான் பதில். எழுதினார்கள், அச்சடித்தார்கள், விற்றார்கள். பாதுகாத்து வைக்க அலமாரியும் கட்டடமும் அவர்களிடம் இல்லை. அலமாரி வைத்திருந்தவர்களுக்கு அவை தேவைப்படவில்லை.

அயோத்திதாசர் தப்பியது எப்படி? கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்துச் சுரங்கத் தொழிலாளர்கள் அவர் நூல்களைத் தங்கள் காசில் திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள். அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலையின் பெயரைப் பழைய அட்டைகளில் இன்றும் பார்க்கலாம். ஜி. அப்பாதுரையார் 1926இல் அதே ஊரில் 'தமிழன்' இதழுக்கு மறுஉயிர் கொடுத்தார். பின்னாளில் அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களை வீட்டில் கட்டிக் காத்தார்கள். அப்படிக் காத்தவற்றிலிருந்துதான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வெளியீடாக வந்தது. பண்டிதர் மறைந்து 85 ஆண்டுகள் கழித்து! இன்று 'இலவசம்' என்று நாம் சொல்லும் அயோத்திதாசரின் ஒவ்வொரு பக்கத்துக்கும் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களின் கூலி செலவாகியிருக்கிறது.

60 ஆண்டுக் கணக்கு

சட்டம் என்ன சொல்கிறது என்பதை இனிப் பார்ப்போம். கடினமாக ஒன்றும் இல்லை, கூட்டல் கணக்குதான்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது. நூலாசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டுகளுக்கு உரிமை என்று முதலில் இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் நூல்களுக்கு 1991 முடிவில் உரிமை முடிய வேண்டும். விசுவபாரதிக்கு வந்துகொண்டிருந்த வருவாய் நின்றுவிடும் என்ற நிலையில் ஒன்றிய அரசு அந்த டிசம்பர் இறுதியில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 50 ஆண்டு 60 ஆனது. ஒரு கவிஞருக்காக நாட்டில் உள்ள எல்லோருக்கும் கணக்கு மாறியது. அதனால் 2007இலேயே பொதுச்சொத்தாகியிருக்க வேண்டிய அம்பேத்கரின் நூல்களுக்கு மேலும் பத்தாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

இப்போது கணக்கைப் போடுவோம். அயோத்திதாசர் இறந்தது 1914; அவர் எழுத்து எப்போதோ பொதுவாகிவிட்டது. எம்.சி. ராஜா 1943, 2004 முதல் பொது. இரட்டைமலை சீனிவாசன் 1945. 2006 முதல் பொது. அவருடைய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' நூலை யாரும் அச்சிடலாம், தட்டச்சு செய்யலாம், ஊர்க் கூட்டத்தில் படித்துப் பதிவு செய்து பரப்பலாம். அம்பேத்கர் 1956, அவர் வாழும்போது வெளிவந்தவை 2017 ஜனவரி 1 முதல் பொது. பெரியார் 1973, பொது விதிப்படி 2034 வரை காத்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய 'குடி அரசு' எழுத்துகளைத் தொகுத்து வெளியிடுவதைத் தடுக்கக் கோரிய வழக்கில், தடுக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

ஒரு நுணுக்கம் உண்டு. ஆசிரியர் இறந்த பிறகு முதன்முதலாக வெளிவந்த நூலுக்கு, வெளிவந்த ஆண்டிலிருந்துதான் 60 ஆண்டுக் கணக்கு. அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' 1957இல் வந்தது. 'இந்துமதத்தின் புதிர்கள்' 1987இல்தான் வந்தது. எனவே இரண்டாவது நூலின் உரிமை 2047 முடியும்வரை இருக்கும். படிப்பதற்குத் தடை இல்லை, அரசே தன் தளத்தில் வைத்திருக்கிறது. அச்சிட்டு விற்க நினைப்பவர்கள்தான் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த 1987ஆம் ஆண்டுக்குப் பின்னால் ஒரு கொடுமை இருக்கிறது. அம்பேத்கர் மறைந்தபின் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் பெட்டிகளில் அடைத்து தில்லி உயர் நீதிமன்றக் காப்பாளர் வசம் இருந்தன. பிறகு மகாராட்டிர அரசின் நிர்வாகத் தலைவர் வசம் போயின. நாகபுரி வழக்கறிஞர் ஜே.பி. பன்சோட், ஒன்று வெளியிடுங்கள் அல்லது வெளியிட அனுமதியுங்கள் என்று வழக்குப் போட வேண்டியிருந்தது. வசந்த் மூன் பதிப்பித்த முதல் தொகுதி 1979 ஏப்ரல் 14 அன்று வந்தது. நான்காம் தொகுதியாகப் 'புதிர்கள்' வந்தபோது இராமன், கிருஷ்ணன் பற்றிய பகுதியை நீக்கச் சொல்லிச் சிவசேனை பம்பாய்த் தெருவில் இறங்கியது. தலித் மக்களும் லட்சக்கணக்கில் இறங்கினார்கள். அந்தப் பகுதி நின்றது, அரசின் கருத்து இதுவல்ல என்ற குறிப்போடு. இன்று ஒரு சொடுக்கில் திறக்கும் அந்தக் கோப்பில், நீக்காமல் காத்தவர்களின் கால்தடம் இருக்கிறது.

எங்கே தேடுவது?

தமிழில் முதலில் சொல்ல வேண்டியது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின் நூலகம். 2017இல் தொடங்கியது. அரிய நூல்களும் பழைய இதழ்களும் வருடிய படமாகவே கிடைக்கின்றன. தமிழ்நாட்டுக்கென்று ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. எழுத்தாளரின் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்குகிறது. 1949இல் பாரதியின் எழுத்துகளில் தொடங்கிய வழக்கம் இது. அப்படி நாட்டுடைமையான இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் தமிழ் விக்கிமூலத்தில் எழுத்துவடிவமாகி வருகின்றன. எழுத்துவடிவம் என்பது முக்கியம். பார்வையற்ற மாணவர்கள் கணினியைப் படிக்கச் சொல்லிக் கேட்க முடியும்.

1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்களுக்கான இடம். 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில், எழுத்தாளர்களே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் மனமுவந்து கொடுத்த நூல்கள் உள்ளன.

ஈழத்து எழுத்துக்கு நூலகம் தளம். 2005இல் தொடங்கியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டதைப் பார்த்த சமூகம் கட்டியது அது. பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் வாழ்வை எழுதிய கே. டானியலையும், டொமினிக் ஜீவா 1966 முதல் நடத்திய 'மல்லிகை' இதழ்களையும் அங்கே படிக்கலாம். சாதி வேலியைக் கடலால் தடுக்க முடியவில்லை என்பது அவற்றைப் படித்தால் புரியும்.

திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டை வைத்துக் கணக்கு. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1942இல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' 2003இலேயே பொதுவாகிவிட்டது. (படத்தில் உள்ள பாட்டை எழுதியவருக்குத் தனிக்கணக்கு, படம் பொதுவானாலும் பாட்டு பொதுவாகாமல் இருக்கலாம்.) எங்கள் படிப்பகத்தில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினோம். பெரியபுராணத்தில் இல்லாத வேதியரைக் கோபாலகிருஷ்ண பாரதி 19ஆம் நூற்றாண்டில் எப்படிக் கதைக்குள் கொண்டுவந்தார், நந்தனை அயோத்திதாசர் ஏன் ஒரு பௌத்த அரசனாகப் பார்த்தார் என்று பிள்ளைகளோடு பேசினோம். "சாமி பாக்கப் போனவர ஏன் நெருப்புல இறங்கச் சொல்றாங்க?" என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். இலவசமாகக் கிடைப்பதெல்லாம் அப்படியே விழுங்குவதற்கு அல்ல. அந்தக் கேள்வி வந்ததே போதும் என்றிருந்தது.

எடுத்தவர்களே மக்களுக்குக் கொடுத்த படங்களும் உண்டு. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தை 2017இல் திரையிட விடாமல் காவல்துறை பல இடங்களில் தடுத்தது. அவர் யூடியூபில் வெளியிட்டார். அரங்கு மறுக்கப்பட்ட படத்துக்கு வீடுகளே அரங்காயின. 1936இல் அம்பேத்கர் அச்சகத்தில் செய்ததை அவர் இணையத்தில் செய்தார்.

இசையில்தான் நம் நிலை இன்னும் ஏழ்மையானது. இண்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் பழைய கிராமபோன் தட்டுகளின் பதிவுகள் ஏராளம். ஆனால் நாங்கள் தேடிய மட்டில் சபா இசையும் நாடகப் பாட்டும் சினிமாப் பாட்டும் கிடைத்த அளவுக்கு ஒப்பாரியும் நடவுப்பாட்டும் பறையும் கிடைக்கவில்லை. தட்டு செய்த கம்பெனி அதை வாங்கக்கூடியவரின் காதுக்குத்தான் பதிவு செய்தது. இந்த ஓட்டையை இனி யாரும் வந்து அடைக்கப் போவதில்லை. நம் பாட்டிமார்களின் பாட்டை அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் பெயரும் ஊரும் போட்டு, நாமே பதிவு செய்து பொதுவில் வைக்க வேண்டும்.

எதை இலவசமாகக் கேட்கக் கூடாது?

கசப்பானதையும் பேசிவிடுவோம். நம் வாட்சப் குழுக்களிலேயே தலித் எழுத்தாளர்களின் புதிய நூல்கள் திருட்டுப் பிடிஎஃப்பாக வந்து விழுகின்றன. "கருத்து பரவுது, நல்லதுதானே தோழர்?" என்கிறார்கள். நாங்களும் ஒரு காலத்தில் அப்படிப் பகிர்ந்தவர்கள்தான். ஒரு சிறு பதிப்பாளரின் அறையில், விற்காமல் கட்டாகக் கிடந்த நூல்களுக்கு நடுவே உட்கார்ந்து பேசிய நாளில் நிறுத்தினோம். நகையை அடகு வைத்து அச்சடித்திருந்தார். அவருடைய அடுத்த நூல் வரவே இல்லை. பெரிய பதிப்பகம் ஒரு நூலின் நட்டத்தை இன்னொன்றில் ஈடுகட்டும். நம்மவருக்கு ஒரே நூல்தான்.

மொழிபெயர்ப்புக்கும் இதுதான் நியாயம். அம்பேத்கரின் ஆங்கில மூலம் பொதுவானாலும், அதைத் தமிழாக்கியவரின் உழைப்புக்குத் தனி உரிமை உண்டு. தொகுத்தவர் எழுதிய முன்னுரைக்கும் குறிப்புக்கும் அப்படியே.

ஆகவே ஒரு கோப்பைத் திறக்கும்முன் மூன்று கேள்வி கேட்கப் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம். எழுதியவர் எப்போது இறந்தார்? வலையேற்றியது யார்: அரசா, நூலகமா, எழுதியவரா, முகம் தெரியாத ஆளா? என்ன உரிமம் என்று போட்டிருக்கிறதா? பார்க்க இலவசம் என்பதும் எடுத்துப் பரப்ப இலவசம் என்பதும் ஒன்றல்ல. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாட்டை அவர்களுடைய சேனலில் எத்தனை முறையும் கேட்கலாம். அதை வெட்டி நம் சேனலில் ஏற்றினால் அது வேறு. வாங்க முடியாத புதிய நூலுக்கு மாவட்ட நூலகம் இருக்கிறது. 1948இல் சட்டம் போட்டுப் பொது நூலகங்களை அமைத்த மாநிலம் இது. நம் வரிப்பணம் அதில் இருக்கிறது. எந்த நூல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து வாங்கி வைக்கச் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

சட்டம் திறந்த குளம்

1923இல் பம்பாய் சட்டமன்றம் போலே தீர்மானத்தின் வழியாகப் பொதுக் கிணறுகளையும் குளங்களையும் எல்லோருக்கும் திறந்தது. 1924இல் மகாட் நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்து தீர்மானம் போட்டது. ஆனால் ஒருவரும் இறங்கித் தண்ணீர் குடிக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்க் கையால் அள்ளிக் குடித்த பிறகுதான் குளம் பொதுவானது. அதற்கும் அடித்தார்கள். குளத்தைத் தீட்டுக் கழித்தார்கள். வழக்கு 1937 வரை நடந்தது.

2017 ஜனவரி 1 அன்று அம்பேத்கரின் எழுத்து பொதுவானது. அன்று ஊர்வலம் எதுவும் போகவில்லை. சேரிப் பிள்ளை ஒருவர் இன்னமும் பாதிப் பக்கம் காணாமல் போன கோப்பை வைத்துக்கொண்டு நிற்கிறார் என்றால், தீர்மானம் போட்டாகிவிட்டது, நாம் இன்னும் குளத்துக்குப் போகவில்லை என்றுதான் பொருள்.

அந்த மாணவி இப்போது கொலம்பியா தளத்தில் முழுநூலையும் படித்து முடித்துவிட்டார். போன ஞாயிறு படிப்பகத்தில் மற்ற பிள்ளைகளுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னார். உங்கள் பகுதியில் ஒரு படிப்பகமோ இரவுப் பள்ளியோ இருந்தால் அங்கே ஒரு மாலை போய், இந்த இடங்களைத் திறந்து காட்டுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கைப்பேசியே போதும், திண்ணையில் நாலு பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

ஜெய்பீம்.